ஆரஞ்சு மூடி

மெர்சியின் மூக்கைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. தகுதி உள்ளவர்கள் யாரும் எழுதப் போவதில்லை என்பதால் நான் எழுதுகிறேன். என் பெயர் வரதன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், தரை துடைக்கும் திரவமும் பினாயிலும் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் கெமிஸ்ட். கெமிஸ்ட் என்றதும் பெரிதாக ஒன்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மேஜை, ஒரு தராசு, பத்துப் பதினைந்து கண்ணாடிக் குடுவைகள், சுற்றினாலும் காற்று வராத ஒரு மின்விசிறி. பொன்னேரியிலிருந்து காலை ரயிலில் வந்து மாலை ரயிலில் திரும்பிவிடுவேன். மெர்சி அப்படி இல்லை. கம்பெனியின் பின்பக்கச் சுவரை ஒட்டிய காலனியில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே இருப்பவள்.

அவள் அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நாற்று நட்ட நிலத்தில்தான் எங்கள் மிக்ஸிங் டேங்க் நிற்கிறது. ஒருநாள் அவளே கைகாட்டிச் சொன்னாள். வருத்தமாகச் சொல்லவில்லை. அந்தச் சேற்றில் நின்று நின்று அம்மாவுக்குக் காலில் புண் ஆறியதே இல்லை என்றாள், அவ்வளவுதான். இருபது வயதில் பாட்டிலுக்கு மூடி திருகும் வேலைக்கு வந்தாள். கணவர் யேசுதாஸ் லாரி ஓட்டினார். தடாவுக்குப் பக்கத்தில் நடந்த ஒரு விபத்தில் போய்விட்டார். ஒரே மகள் கிரேஸ் அப்போது சென்னையில் விடுதியில் தங்கி நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். மகள் வெள்ளைச் சீருடை போட்ட படம் ஒன்றைச் செல்போனில் வைத்துக்கொண்டு மெர்சி எல்லோருக்கும் காட்டுவாள். பார்த்தவர்களுக்கும் மறுபடி காட்டுவாள்.

அவள் மூக்கு எனக்குத் தெரியவந்தது தற்செயலாக. மூடி திருகிக்கொண்டிருந்தவள் எழுந்து வந்து, இன்றைக்கு ஊற்றியிருப்பது எலுமிச்சை இல்லை, எலுமிச்சைப் புல் என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது. எட்டாவது படித்தவள் எனக்கு வாசனைப் பாடம் எடுப்பதா என்று நினைத்தேன். மறுநாள் செண்ட் அனுப்பியவரைக் கேட்டபோது, சரக்கு தட்டுப்பாடு, சொல்லாமல் மாற்றிவிட்டோம் என்று அசடு வழிந்தார். அன்றே மெர்சியை மூடி வரிசையிலிருந்து எடுத்து என் மேஜைக்குப் பக்கத்தில் உட்காரவைத்தேன். ஒவ்வொரு டேங்கிலிருந்தும் மாதிரி வரும். காகிதக் கீற்றை அதில் தோய்த்து, இரண்டு தரம் உதறி, முகர்ந்து பார்த்து, சரி என்றால் கையெழுத்துப் போடுவாள். அந்தக் கையெழுத்து இல்லாமல் ஒரு பாட்டில்கூட வெளியே போகாது. பதினோரு வருடம் அப்படித்தான் நடந்தது.

காலனியிலும் அவள் மூக்குக்கு ஒரு வேலை இருந்தது. இங்கே குழாயில் தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒருமுறை வரும். அதனால் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு இருநூறு லிட்டர் பிளாஸ்டிக் டிரம் நிற்கும். யாரும் புதிது வாங்குவதில்லை. கம்பெனிகளுக்கு ரசாயனம் வந்திறங்கிய டிரம், காலியானதும் பழைய சாமான் கடை மணவாளனிடம் போகும். அவர் கழுவி வெயிலில் கவிழ்த்து விற்பார். உள்ளே முன்பு என்ன இருந்தது என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம். மணவாளனுக்கு அந்தக் கவலையே கிடையாது. ஆகவே டிரம் வாங்குகிறவர்கள் அதை முதலில் மெர்சி வீட்டு வாசலுக்கு உருட்டிக்கொண்டு வருவார்கள். அவள் தலையை உள்ளே விட்டுப் பார்த்து ‘வெச்சுக்கோ’ என்பாள், அல்லது ‘வேணாம்’ என்பாள். அதற்குமேல் பேச்சு கிடையாது. பழைய சாமான் கடைக்காரரே அவள் வேணாம் என்று சொன்ன டிரம்மைத் திரும்ப எடுத்துக்கொள்வார்.

இவர்களுக்கெல்லாம் சொந்த மூக்கு இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் அதை யாரும் நம்புவதில்லை. காலையில் காற்றில் அழுகிய முட்டை நாற்றம். மத்தியானம் ரப்பர் கருகுகிற நெடி. சாயங்காலம் ஒரு தித்திப்பு வரும் பாருங்கள், அது எல்லாவற்றையும்விட மோசம். இதிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு, ஏதாவது நெடி வந்தால் அது டிரம்மிலிருந்து வருகிறதா, காற்றிலிருந்து வருகிறதா, தன் புடவையிலிருந்து வருகிறதா என்று சொல்லத் தெரியாது. சண்டை போட்டுக்கொள்ளாமல் எல்லோரும் ஒரே மூக்கை நம்பினார்கள்.

இப்போது என் வண்டவாளத்துக்கு வருகிறேன். ஒருமுறை எங்கள் முதலாளி டீலர்களை அழைத்து விருந்து வைத்தார். நான் ஒரு வேடிக்கை காட்டினேன். ஒரே ரோஜா செண்ட் கலந்த சோப்புத் தண்ணீரை இரண்டு குடுவையில் ஊற்றி, ஒன்றில் இளஞ்சிவப்பும் இன்னொன்றில் மஞ்சளும் கலந்து நீட்டினேன். எட்டுப் பேர். எட்டுப் பேரும் மஞ்சளை முகர்ந்து எலுமிச்சை என்றார்கள். இருபது வருடமாக இந்த வியாபாரத்தில் இருக்கிறவர்கள். நான் எங்கோ படித்திருந்ததைச் சொன்னேன்: மூக்கு வந்து சொல்லும்வரை மூளை காத்திருப்பதில்லை. கண் முதலில் போய்ச் சேருகிறது. மஞ்சளைப் பார்த்ததும் இது எலுமிச்சைதான் என்று மூளை முடிவுகட்டிவிடுகிறது. பிறகு மூக்கு எதைக் கொண்டுவந்தாலும் அதை அந்த முடிவுக்குள் திணித்துக்கொள்கிறது. பொய் சொல்கிறோம் என்று யாருக்கும் தெரிவதில்லை, உண்மையிலேயே எலுமிச்சைதான் மணக்கும். எல்லோரும் கைதட்டினார்கள். முதலாளி மட்டும் கைதட்டவில்லை, யோசித்தார். அடுத்த வாரத்திலிருந்து செண்ட் பாதி, நிறம் இரண்டு மடங்கு என்று ஆனது. ஒரு கடைக்காரர்கூட குறை சொல்லவில்லை. மெர்சி மட்டும்தான் கீற்றை உதறிவிட்டு, “செண்ட் கம்மியா கீது சார்” என்றாள். அப்படியே கையெழுத்துப் போடச் சொன்னேன். போட்டாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாயிரத்து இருபத்தொன்றில், அந்த இரண்டாவது அலையில் மெர்சிக்கும் காய்ச்சல் வந்தது. மூன்று வாரம் கழித்து மெலிந்துபோய் வேலைக்கு வந்தாள். வந்து ஒரு மாதத்துக்குமேல் எப்போதும்போல முகர்ந்தாள், எப்போதும்போலக் கையெழுத்துப் போட்டாள். ஒரு செவ்வாய்க்கிழமை மஞ்சள் சாயம் வரவேண்டிய வண்டி வரவில்லை. செண்ட் ஊற்றியாகிவிட்டது, சாயம்தான் பாக்கி. நேரம் போகிறதே என்று மாதிரியை அப்படியே கொண்டுவந்து வைத்தார்கள், நிறமே இல்லாமல், வெறும் தண்ணீர்போல. மெர்சி ஒரு கீற்று முகர்ந்தாள். இன்னொன்று. மூன்றாவது. செண்ட் ஊற்ற மறந்துவிட்டார்கள் என்றாள்.

நான் வாங்கிப் பார்த்தேன். எலுமிச்சை முகத்தில் அடித்தது. எழுந்துபோய்க் குழாய்த் தண்ணீரில் மேஜை இழுப்பறையில் கிடந்த மஞ்சள் சாயத்தில் ஒரு துளி கலந்து, அவளிடம் கொடுத்தேன். வெறும் தண்ணீர். அதில் செண்டும் இல்லை, சோப்பும் இல்லை. அவள் முகர்ந்தாள். முகம் தெளிந்தது.

“இது கரெக்டா கீது சார்.”

நயமாகச் சொல்லியிருக்கலாம். எனக்கு நயம் வராது. அது வெறும் தண்ணீர், உனக்கு மூக்கு போய்விட்டது, இத்தனை நாள் கண்ணால்தான் முகர்ந்துகொண்டிருக்கிறாய் என்று நேராகச் சொல்லிவிட்டேன். கவிழ்த்துவைத்திருந்த பாட்டில் பெட்டியின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முதலில் அவள் கேட்டது வேலையைப் பற்றி இல்லை.

“அப்ப ஊட்ல மீன் கொழம்பு வாசனை வந்துச்சே. அதுவும் செவப்பா இருக்கறதாலயா சார்?”

ஆமாம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு, யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். கிரேஸ் படிப்பு இன்னும் இரண்டு வருடம் இருந்தது. திரும்பவும் மூடி வரிசைக்குப் போனால் விடுதிக்கு அனுப்ப முடியாது. அதைவிட, காலனியில் எல்லோரும் தன்னைத் தேடி வருவது அந்த மூக்குக்காகத்தான் என்றாள். நான் ஒப்புக்கொண்டேன். இரக்கத்தால் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். கொஞ்சம் இரக்கமும் இருந்தது. ஆனால் நல்ல மூக்கோடு புதிதாக ஒருத்தி வந்தால், பாதி செண்ட் விவகாரத்தை முதல் நாளே கேட்பாள். வாசனை தெரியாத மெர்சி எங்களுக்கு வசதியாக இருந்தாள். அன்றிலிருந்து நான் முகர்ந்து தலையாட்டுவேன், அவள் கையெழுத்துப் போடுவாள்.

விஷயம் தெரிந்த பிறகு நிறங்களும் அவளைக் கைவிட்டுவிட்டன. மஞ்சளில் எலுமிச்சை வருவது நின்றது. இளஞ்சிவப்பில் ரோஜா நின்றது. குழம்பு, சோப்பு, மழை, மகள் தலையில் வைத்த மல்லி, எதுவுமே இல்லை. சாப்பாடு அட்டையைத் தின்பதுபோல் இருக்கிறது என்றாள். டிரம் விஷயத்தில் மட்டும் அவள் யாரையும் ஏமாற்றவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். இரண்டு வருடமாக எந்த டிரம் உருண்டு வந்தாலும் தலையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, வேணாம், நெடி அடிக்குது என்றே சொன்னாள். எல்லா டிரம்மையும். மெர்சிக்கு இப்போது ரொம்பத்தான் ராங்கி என்று காலனியில் முணுமுணுத்தார்கள். முணுமுணுத்தாலும் அவள் வேணாம் என்றதை யாரும் வாங்கவில்லை.

கன்னியம்மா அவளுக்குப் பக்கத்து வீடு. எங்கள் கம்பெனியிலேயே பேக்கிங்கில் இருந்தாள். இரண்டு பேரும் ஒரே வருடம் சேர்ந்தவர்கள், ஒரே டப்பாவில் நாஷ்டா சாப்பிடுகிறவர்கள். யேசுதாஸ் செத்தபோது மெர்சியைப் பத்து நாள் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டவள் கன்னியம்மா. அவள் கணவர் ராஜமாணிக்கம் இரும்பு உருட்டும் மில்லில், உலைக்குப் பக்கத்தில் வேலை. மகள் தேவதர்ஷினி எட்டாம் வகுப்பு.

இரண்டாயிரத்து இருபத்து மூன்று ஏப்ரலில் கன்னியம்மா வீட்டு டிரம் அடியில் விரிசல் விட்டது. வெயில் காலம், தண்ணீர் பிடித்துவைக்காமல் முடியாது. மணவாளன் கடையிலிருந்து ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தாள். வழக்கமான நீல டிரம் இல்லை. பால் வெள்ளை. ஆரஞ்சு நிற மூடி. உள்ளே அடிப்பக்கம் வெள்ளைப் பிளாஸ்டிக்கில் லேசாக ஆரஞ்சு ஏறியிருந்தது. ஜூஸ் கம்பெனிக்கு எசென்ஸ் வந்த டிரம் என்று கடையில் சொன்னார்களாம். வெள்ளை டிரம் என்றாலே எங்கள் பக்கத்தில் சாப்பாட்டுச் சாமான் என்று ஒரு நம்பிக்கை உண்டு.

அதன்பின் நடந்தது இரண்டு பேரும் தனித்தனியாக எனக்குச் சொன்னது. இரண்டும் ஒன்றாகவே இருந்தது. கன்னியம்மா முதலில் தானே குனிந்து பார்த்து, பூண்டு அழுகின மாதிரி ஒரு நெடி வருகிறதே என்றாள். மெர்சி, வேணாம் என்று சொல்லும் எண்ணத்தோடுதான் தலையை உள்ளே விட்டாள். உள்ளேயே இருந்தாள். வெளியே வந்தபோது கண் கலங்கியிருந்தது.

“ஆரஞ்சு வாசனை கன்னிம்மா. உரிச்ச பழம் மாதிரி. வெச்சுக்கோ.”

மறுநாள் காலை அவள் என் மேஜைக்கு வந்த வேகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. எனக்கு மூக்கு திரும்பிவிட்டது சார் என்றாள். இரண்டு வருடம் கழித்து முதல்முதலாக ஒரு வாசனை வந்ததாம், அதுவும் அவ்வளவு சுத்தமாக. மூக்கு போனது யாருக்கும் தெரியாததால் சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்ல முடியவில்லை. காரணம் சொல்லாமல் ஸ்தோத்திரக் காணிக்கை மட்டும் போடப்போவதாகச் சொன்னாள். எதில் வந்தது என்று கேட்டேன். ஒரு டிரம்மில் என்றாள்.

“மூடி என்ன நிறம்மா?”

“ஆரஞ்சு சார்.”

நான் பேனாவை எடுத்து ஏதோ எழுதத் தொடங்கினேன். எனக்குத் தெரிந்துவிட்டது: திரும்பி வந்தது மூக்கு இல்லை, கண்தான். மேஜையில் அன்றைய மாதிரி இருந்தது, இளஞ்சிவப்பு, ரோஜா. அதை நீட்டி, இதில் என்ன வருகிறது என்று கேட்டிருந்தால் போதும். ஒரு நிமிட வேலை. கேட்கவில்லை. சந்தோஷமாக இருக்கிறாள், இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். அந்த டிரம் யாருடையது, அதில் என்ன ஊற்றப்போகிறார்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அப்படித்தான் இத்தனை நாள் எனக்கே சொல்லிவந்திருக்கிறேன். உண்மையில் தோன்றியது. வண்டி ஏற்றவேண்டிய நாள், இருநூறு பெட்டி. தோன்றியதை ஒதுக்கிவைத்தேன்.

கன்னியம்மா டிரம்மை இரண்டு தண்ணீர் அலசி, குழாய்த் தண்ணீரை நிரப்பினாள். அது சமையலுக்கும் புழக்கத்துக்கும். குடிக்க கேன் தண்ணீர் வாங்குவார்கள். ராஜமாணிக்கம் மட்டும் கேன் தண்ணீரைத் தொடமாட்டார். உலைக்குப் பக்கத்தில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவருக்கு அது தொண்டையை நனைக்குமே தவிர தாகத்தைத் தணிக்காதாம். வந்ததும் வராததுமாக டிரம்மில் சொம்பை விட்டு மூன்று சொம்பு மொண்டு குடிப்பார். நாலு நாள் அப்படிக் குடித்தார். தேவதர்ஷினிக்குத் தலைவலி, கன்னியம்மாவுக்குக் குமட்டல். வெயில் என்று நினைத்தார்கள்.

ஐந்தாம் நாள் மத்தியானம் ஷிப்ட் முடிந்து வந்து, குடித்துவிட்டு, வாசலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்க முடியாமல் தள்ளாடினார். வாயில் எச்சில் நூலாக வடிந்தது. பேச்சு குழறியது. வாந்தி எடுத்தார். ராஜமாணிக்கம் குடிக்கிறவர்தான், சம்பளநாளில் டாஸ்மாக் போகிறவர்தான். ஆகவே பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். படுக்கவைத்து மோர் கொடுத்தார்கள். இன்றைக்குச் சம்பளநாள்கூட இல்லையே என்று கன்னியம்மா ஏசிக்கொண்டே அவர் தலையைப் பிடித்துக்கொண்டாள். கை கால் இழுக்கத் தொடங்கிய பிறகுதான் ஆட்டோவில் ஏற்றினார்கள். ஒரு தனியார் கிளினிக்கில் அரைமணி நேரம் பார்த்து, மட்டமான சரக்கு போல என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். போகிற வழியில் உயிர் போய்விட்டது. நாற்பத்தாறு வயது. அறுத்துப் பார்க்க வேண்டாம் என்று சொந்தக்காரர்கள் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். எதனால் செத்தார் என்பதில்தான் யாருக்கும் சந்தேகம் இல்லையே.

மூன்றாம் நாள் துக்கம் விசாரிக்கப் போனேன். மெர்சி அங்கேயேதான் இருந்தாள், அடுப்பை அவள்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றியபோது தேவதர்ஷினி ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கேன் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது. வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். பூண்டு நெடி. நான் சமையல்கட்டைப் பார்த்தேன், பிறகு சுவரோரம் பார்த்தேன். வெள்ளை டிரம். ஆரஞ்சு மூடி. பூச்சிமருந்துக்கான மூலச்சரக்கு சில அந்த நாற்றம் நாறும், அப்படியே ஆரஞ்சாகக் கறை பிடிக்கும். படிப்பில் இதையெல்லாம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

டம்ளரோடு மெர்சியைப் பின்பக்கம் கூப்பிட்டேன். அது ஜூஸ் டிரம் இல்லை, அதில் இருப்பது விஷம், இவர் குடியால் சாகவில்லை என்றேன். அவளுக்கு ஏறவில்லை. தானே போய் டிரம்மைத் திறந்து தலையை விட்டுப் பார்த்தாள்.

“எனக்கு இப்பவும் ஆரஞ்சுதான் சார் வருது.”

அடம்பிடித்துச் சொல்லவில்லை. கெஞ்சுகிறமாதிரி சொன்னாள். அவள் வீட்டுக் கேனிலிருந்து இன்னொரு டம்ளர் பிடித்துவந்து, கண்ணை மூடச் சொல்லி, இரண்டையும் மாற்றி மாற்றி மூக்குக்கு அருகில் பிடித்தேன். எது எது என்று கேட்டேன். மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தாள். மறுபடி பிடித்தேன். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. ஒண்ணுமே இல்லை என்றாள்.

அந்த நிமிடம் அவள் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். டிரம்மில் பல்லி விழுந்துவிட்டது என்று சொல்லிக் கொட்டிவிட்டு, வேலையையும் பேரையும் காப்பாற்றிக்கொண்டிருக்கலாம். வெட்கத்தோடு சொல்கிறேன், பல்லி யோசனையை அவளுக்குச் சொன்னவனே நான்தான். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டிரம்மைச் சாய்த்துத் தண்ணீர் முழுவதையும் சாக்கடையில் விட்டாள். அடுப்பில் அந்தத் தண்ணீரில் கொதித்துக்கொண்டிருந்த உலையையும் இறக்கிக் கொட்டினாள். பிறகு புடவையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய், சொந்தக்காரப் பெண்கள் சூழ உட்கார்ந்திருந்த கன்னியம்மாவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

“கன்னிம்மா, எனக்கு மூக்கு செத்து ரெண்டு வருசம் ஆவுது. அந்த டிரம்முல ஆரஞ்சு இல்ல, வெசம். அண்ணன் குடிச்சிட்டு சாவல. நான் வெச்சுக்கோன்னு சொன்னேனே, அதனாலதான் செத்துச்சி.”

யாரும் கத்தவில்லை. ஒருத்தி மட்டும் நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். கன்னியம்மா மெர்சியின் முகத்தைப் பார்த்தாள். அறைவாள் என்று எதிர்பார்த்தேன். அறைந்திருந்தால் எல்லோருக்கும் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

“எனக்கு பூண்டு நெடி வந்துச்சி மெர்சி. நல்லாவே வந்துச்சி. நீ ஆரஞ்சுன்னு சொன்னே பாரு, அப்புறம் குனிஞ்சு பாத்தா எனக்கும் ஆரஞ்சுதான் வந்துச்சி. நாலு நாளா அதுல சோறு ஆக்கிக்கினு, ஆரஞ்சு வாசனை கீதுன்னு புள்ளகிட்ட நானே சொன்னேன்.”

அதன்பிறகு அவள் சொன்னதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. உயிர் போகிற மனுஷனைக் குடிகாரன் என்று ஏசிக்கொண்டே ஆட்டோவில் ஏற்றினேனே என்றாள். அதை மூன்று நான்கு தரம் சொன்னாள். வெளியே வாசற்படியில் நான் செருப்புக்குள் காலை நுழைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே போய், எனக்கு முன்பே தெரியும், மூடியின் நிறத்தைக் கேட்டபோதே தெரியும் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டேன்.

மெர்சி வேலையை விட்டாள். முதலாளி வருத்தப்பட்டார், புது மூக்கு தேடவில்லை, அந்தக் கையெழுத்தையும் என்னையே போடச் சொன்னார். போடுகிறேன். போலீஸ் வந்தது, மணவாளன் இரண்டு நாள் கடையைச் சாத்தினார், மறுபடி திறந்தார். டிரம் எந்தக் கம்பெனியிலிருந்து வந்தது என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. காலனியில் யாரும் மெர்சியைத் திட்டவில்லை. ஆனால் எதற்கும் யாரும் அவள் வாசலுக்குப் போவதில்லை. அவள் கவரைப்பேட்டைப் பக்கம் ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறாள். கிரேஸ் படிப்பை முடித்துவிட்டாள். அந்த மட்டில் சரி.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் காலனிக்குப் போனேன். வேலை ஒன்றும் இல்லை. சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். மெர்சி வீட்டில் தேவதர்ஷினி உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். கன்னியம்மா ஞாயிறு ஷிப்டுக்குப் போகும்போது மகளை இங்கே விட்டுப் போகிறாளாம். இரண்டு பெண்களும் முன்போலப் பேசிக்கொள்வதில்லை. ஆனாலும் விட்டுப் போகிறாள். மெர்சி அந்தப் பெண்ணுக்கும் எனக்கும் தண்ணீர் கொண்டுவந்தாள். தேவதர்ஷினி டம்ளரை வாங்கி, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு முகர்ந்து பார்த்து, பிறகு குடித்தாள். எங்கே போனாலும், பள்ளிக்கூடத்தில்கூட, அவள் அப்படித்தானாம். மெர்சி பக்கத்தில் நின்று பிள்ளை குடித்து முடிக்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளை வெளியே போன பிறகு நான் ஆரம்பித்தேன். அன்றைக்கு நீ டிரம்மைப் பற்றிச் சொன்னபோது, என்றேன். அதற்குமேல் வரவில்லை. மெர்சி என் டம்ளரை எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

“தெரியும் சார். மூடி இன்னா கலருன்னு கேட்டீங்க இல்ல. எதுக்குக் கேட்டீங்கன்னு அந்த டம்ளர ரெண்டையும் மூக்குல புடிச்சீங்களே, அப்பவே புரிஞ்சிபோச்சி.”

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். சொல்லி இன்னா ஆவப்போவுது என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். பாத்திரம் கழுவிக் கழுவி விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது.

“எனக்குத்தான் மூக்கு இல்ல. உங்களுக்கு இருந்துச்சே சார்.”

எழுந்து வந்து செருப்பை மாட்டினேன். வாசலில் தேவதர்ஷினி உட்கார்ந்திருந்தாள். காற்று தெற்கே திரும்பியிருந்தது, அந்தத் தித்திப்பு நெடி வந்துகொண்டிருந்தது. சாயங்கால ரயிலுக்கு நடந்தேன்.